கோளக் கொத்துகள் எப்படிப் பிறந்தன, பால்வழியைப் பற்றி என்ன சொல்கின்றன?

கேள்வி – கொடைக்கானல் வாசகர்:
அன்பர்களுக்கு வணக்கம். ஏப்ரல் மாதத்தில் மேகம் விலகிய இரவுகளில், வட்டக்கானல் பக்கம் நின்று தெற்கே பைனாகுலரைத் திருப்பினால், ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து, அதாவது ஈர்ப்பால் உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம், மங்கிய வெண்புகையாகத் தெரிகிறது. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அதில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உள்ளன. இத்தனை விண்மீன்கள் ஓரிடத்தில் நெருங்கிப் பிறந்தது எப்படி? அவற்றின் முதுமையிலிருந்து நம் பால்வழியைப் பற்றி என்ன அறிகிறோம்?

பதில் – உதகை வாசகர்:
ஐயா, இந்தக் கொத்துகளுள் பெரும்பாலானவற்றின் வயது 1,100 முதல் 1,300 கோடி ஆண்டுகள். அவை பிறந்த காலத்துப் பேரடைகளில் (நம் பால்வழி போன்ற மாபெரும் விண்மீன் தொகுதிகளில்) வாயு மிகுந்திருந்தது. மோதல்களும் அடிக்கடி நிகழ்ந்தன. அப்படி நெருக்குண்ட அடர்ந்த முகில்கள், உள்ளே பிறந்த பெரிய விண்மீன்கள் மிச்ச வாயுவை வெளியே தள்ளுவதற்கு முன்பே, பெருமளவு விண்மீன்களாக மாறிவிட்டதால், கூட்டம் சிதறாமல் ஈர்ப்பால் கட்டுண்டு நின்றது என்பதே இன்று வலுவாக உள்ள கருத்து. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சம் பிறந்து சுமார் 46 கோடி ஆண்டுகளே ஆன காலத்துப் பேரடை ஒன்றில் இத்தகைய இளங்கொத்துகள் ஐந்தைக் காட்டியது.

பதில் – கோத்தகிரி வாசகர்:
இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1918இல் வானியலாளர் ஹார்லோ ஷேப்லி, கோளக் கொத்துகள் தனுசு ராசித் திசையில் குவிந்திருப்பதைக் கொண்டு, சூரியன் பால்வழியின் மையத்தில் இல்லை என்று காட்டினார். இன்றைய ஆய்வு இன்னும் ஆழமானது. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் பெரிய பேரடையில் விரைவாகவும், சிறியதில் மெதுவாகவும் சேர்கின்றன. ஆகவே கொத்துகளின் வயதையும் கனத் தனிம அளவையும் வரைபடத்தில் குறித்தால் இரண்டு கிளைகள் பிரிகின்றன: ஒன்று பால்வழியிலேயே பிறந்தவற்றுக்கு உரியது, மற்றொன்று, பால்வழி விழுங்கிய சிறு பேரடைகளோடு வந்து சேர்ந்தவற்றுக்கு உரியது. இப்படி வந்து சேர்ந்தவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு எம்54 என்ற கொத்து; அதை வானியலாளர் சார்ல்ஸ் மெஸ்ஸியே 1778இல் கண்டார். அது சேஜிட்டேரியஸ் குறும்பேரடையின் நடுவில் இருப்பது 1994இல் அந்தப் பேரடை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேரடையைப் பால்வழி இன்றும் சிதைத்துக்கொண்டிருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளால், ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு பேரடை பால்வழியோடு கலந்த பெரிய இணைவு ஒன்றும் 2018இல் தெளிவாயிற்று.

கொடைக்கானல் வாசகர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஒமேகா சென்டாரியும் வெளியிலிருந்து வந்ததுதானா?

கோத்தகிரி வாசகர்:
அப்படித்தான் பலரும் கருதுகின்றனர், ஐயா. சாதாரணக் கொத்தில் விண்மீன்களின் இரும்பு அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; இதிலோ பெரிதும் வேறுபடுகிறது. ஆகவே ஒரே தடவையில் பிறக்காமல், நீண்ட காலம் விண்மீன்களை ஈன்ற ஒரு சிறு பேரடையின் எஞ்சிய மையமாக இது இருக்கலாம். 2024இல் ஹபிள் படங்களில் இதன் நடுவே மிக வேகமாக நகரும் ஏழு விண்மீன்கள் கண்டறியப்பட்டன. அங்கே குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.