சிவப்பு பட்டனை எந்த ஒயரில் போடுவது?

தறிக்காரன், அம்மாபேட்டை:

கீழே நாலு விசைத்தறி, மேலே மாடி அறையில் மாடல் ரயில். இதுதான் என் வீடு. எச்ஓ அளவு, எட்டுக்கு நாலு பிளைவுட் இரண்டை எல் வடிவத்தில் போட்டிருக்கிறேன். கதவுக்கு நேராக ஓர் இடைவெளி, அதில் தூக்கி எடுக்கிற பாலம். ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கன்ட்ரோல் போர்டு, அதன் மேல் தண்டவாளத்துக்கு மின்சாரம் தருகிற மோட்டார் ஷீல்ட், அதில் டிசிசி-இஎக்ஸ் மென்பொருள் (டிசிசி என்பது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிற டிஜிட்டல் முறை). ஓட்டுவது போனில்.

போன ஞாயிறு மூன்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் காபி கொண்டு வந்தவள் பாலத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். சரி, நிறுத்தலாம் என்று போனை எடுத்த நேரம் பார்த்து நூல்காரரின் அழைப்பு. திரை முழுக்க அவர்தான். அவரைத் தள்ளிவிட்டு, ஆப்பைத் தேடி, எந்த எஞ்சின் என்று பார்ப்பதற்குள் என் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் நாலடி கீழே மொசைக் தரையில் கிடந்தது. சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்கூடு நான் ஆறு மாதம் உட்கார்ந்து பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டியது, மூக்குப் பக்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது. மகள் டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள், பாவம்.

என் தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். அப்பா வாங்கிய பழைய தறிக்கு இருக்கிற புத்தி இந்த டிஜிட்டல் ரயிலுக்கு இல்லையே என்று வயிறு எரிந்தது. மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு எமர்ஜென்சி பட்டன் வாங்கி வந்துவிட்டேன். 22 மில்லிமீட்டர் ஓட்டையில் உட்காருகிற, காளான் மாதிரி தலை உள்ள, அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்டு திருகினால் வெளியே வருகிற வகை.

முதலில் ஷீல்டுக்குப் போகிற 15 வோல்ட் அடாப்டர் ஒயரில் போட்டுப் பார்த்தேன். மெகாவுக்குத் தனியாக யுஎஸ்பி மின்சாரம். பட்டனை அடித்ததும் இரண்டு எஞ்சின் நின்றது. மூன்றாவதில் கீப்-அலைவ் கெப்பாசிட்டர் இருக்கிறது, தண்டவாளத்தில் மின்சாரம் விட்டுப்போனாலும் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட்டுவது. அது ஒன்றும் நடக்காதது போல ஒன்றரை அடி போய்த்தான் நின்றது. பட்டனைத் திருகி விடுவித்தால் மூன்றும் பழைய வேகத்திலேயே குதித்துக் கிளம்புகின்றன. இரண்டுமே எனக்குச் சரிப்படவில்லை. எங்கே போடுவது?

ஐந்துரோடு:

அண்ணா, ஏன் இவ்வளவு சுற்று? பிளக் போர்டு சுவிட்சைக் காலடியில் வைத்து மிதித்து அணைத்துவிடுங்கள். மெகாவும் சேர்ந்தே அணையும், திரும்பப் போட்டால் வேகம் எல்லாம் மறந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நான் அப்படித்தான்.

தறிக்காரன், அம்மாபேட்டை:

குதிப்பது நிற்கும் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீப்-அலைவ் எஞ்சின் ஒன்றரை அடி போகுமே. என் பாலத்துக்கு முன்னால் அவ்வளவு இடம் இல்லை.

சூரமங்கலம் பைலட் (ஓய்வு):

தம்பி, நீங்கள் நிறுத்துவதையும் மின்சாரத்தை அறுப்பதையும் ஒன்றாக நினைக்கிறீர்கள். இரண்டும் வேறு. டிசிசி-யில் தண்டவாளம் வழியாகப் போவது மின்சாரம் மட்டும் அல்ல, கட்டளையும்தான். அறுத்துவிட்டால் கட்டளையும் போய்ச் சேராது. கெப்பாசிட்டர் உள்ள எஞ்சின் கடைசியாகக் கேட்டதை நம்பிக்கொண்டு ஓடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது, அழுக்குத் தண்டவாளத்தில் நிற்காமல் ஓடத்தானே அந்தக் கெப்பாசிட்டரைப் போட்டீர்கள்.

டிசிசி-யில் எமர்ஜென்சி ஸ்டாப் என்றே தனியாக ஒரு கட்டளை உண்டு. 128 படி வேகத்தில் 0 என்றால் சாதாரணமாக நில், 1 என்றால் உடனே நில். சாதாரண நிறுத்தத்துக்கு, எஞ்சினுக்குள் கட்டளையைக் கேட்கிற சின்னப் பலகையான டிகோடர், தன் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 4-இல் உள்ள மதிப்பைப் பார்த்து மெதுவாக வேகம் குறைக்கும். உடனடி நிறுத்தத்தில் சிவி 4-ஐ மதிக்காது. முகவரி 0-க்கு அனுப்பினால் எல்லா எஞ்சினும் கேட்கும். டிசிசி-இஎக்ஸில் அதற்கு <!> போதும். மின்சாரத்தை நிறுத்துவது <0>. நீங்கள் செய்து பார்த்தது இரண்டாவதன் வேலை. முதலில் <!>, பிறகுதான் மற்றது. <!> போனதும் மெகா தன் கணக்கிலும் எல்லா வேகத்தையும் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் பட்டனை விடுவித்தாலும் எதுவும் குதிக்காது.

இன்னொன்று. நாங்கள் ஓட்டிய ரயில் வண்டிகளில் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் எப்போதும் இருக்கும். அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். பைப் எங்கே பிய்ந்தாலும், பயணி சங்கிலி இழுத்தாலும், அழுத்தம் இறங்கித் தானே பிரேக் பிடிக்கும். யாரும் எதையும் 'அனுப்ப' வேண்டியதில்லை. உங்கள் பட்டனையும் அந்தப் புத்தியோடு ஒயர் பண்ணுங்கள். ஒயர் பண்ணும் விதம் எனக்கு வராது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சேகோ மில் எலக்ட்ரீஷியன், ஆத்தூர்:

ஐயா சொன்ன பிரேக் பைப் எங்கள் மில்லிலும் இருக்கிறது, பெயர்தான் என்சி, அடிக்காதவரை சேர்ந்தே இருக்கும், அடித்தால் பிரியும். கிழங்கு அரைக்கிற மெஷினுக்கு நான் இதைத் தவிர வேறு மாதிரி ஒயர் பண்ணியதே இல்லை.

உங்கள் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கான்டாக்ட் கட்டையைப் பாருங்கள். பச்சை என்றால் பெரும்பாலும் என்ஓ (அடித்தால் மட்டும் சேர்வது), சிவப்பு என்றால் என்சி. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்காதபோது பீப் வர வேண்டும். அந்த என்சி-யை மெகாவின் ஒரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போடுங்கள். பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பட்டனை அடித்தாலும் சரி, எலி ஒயரைக் கடித்தாலும் சரி, பின்னில் வோல்ட் மேலே ஏறும், ரயில் நிற்கும். என்ஓ போட்டால் எலி கடித்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது, தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியும். பட்டன் நாலு வேண்டும் என்றாலும் எல்லா என்சி-யையும் ஒரே சங்கிலியாக வரிசையில் கோர்த்துவிடலாம்.

மெகாவுக்குள்ளேயே இருக்கிற புல்-அப் (5 வோல்ட்டுக்கு இழுக்கிற ரெசிஸ்டர்) போதாதா என்று கேட்பீர்கள். அது 20 கிலோ ஓமுக்கு மேல், ரொம்ப பலவீனம். பக்கத்தில் தண்டவாள ஒயர் சதுர அலையில் 15 வோல்ட் அடித்துக்கொண்டிருக்கும், நீள ஒயர் அதைப் பிடித்துச் சும்மாச் சும்மா டிரிப் ஆகும். பட்டன் ஒயர் இரண்டையும் முறுக்கிப் போடுங்கள், தண்டவாள ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், மெகா முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

இது மெகா உயிரோடு இருக்கும் வரைக்கும். அது தொங்கிவிட்டால்? அதற்குத்தான் அதே பட்டனில் இரண்டாவது என்சி கட்டை ஒன்று மாட்டச் சொல்வேன், கடையில் தனியாகவே கிடைக்கும். தனி 12 வோல்ட்டை அந்த என்சி வழியாக ஒரு சின்ன ரிலேயின் காயிலுக்குக் கொடுங்கள். ரிலே பிடித்திருக்கும்போது மட்டும் ஷீல்டிலிருந்து வருகிற ஒயர் இரண்டும் தண்டவாளத்தோடு சேரும்படி வையுங்கள். காயிலுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர், பிளஸ் மைனஸ் பார்த்து. பட்டனை அடித்ததும் மெகா <!> அனுப்பத் தொடங்கும், ரிலேயோ கெப்பாசிட்டர் தயவில் அரை விநாடி, ஒரு விநாடி பிடித்திருந்துவிட்டுத்தான் விடும். ஒரு பாக்கெட் போக 5 முதல் 10 மில்லி விநாடிதான், அதற்குள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிடும். மெகா செத்துக் கிடந்தாலும் ரிலே விடத்தான் செய்யும்.

தறிக்காரன், அம்மாபேட்டை:

அண்ணா, ரிலேக்குக் கெப்பாசிட்டர் போட்டுத் தாமதப்படுத்தும் யோசனை அருமை. இன்னொரு சந்தேகம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் மூன்றடித் தண்டவாளத்தைத் தனியாகப் பிரித்து, பாலம் தூக்கினால் அது மட்டும் செத்துப்போகிற மாதிரி மைக்ரோசுவிட்ச் வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கீப்-அலைவ் எஞ்சின் இன்னும் வேகமாக வந்தால் செத்த மூன்றடியையும் தாண்டிவிடுமே?

சேகோ மில் எலக்ட்ரீஷியன், ஆத்தூர்:

தாண்டும். அந்த மைக்ரோசுவிட்சையும் பட்டன் சங்கிலியிலேயே கோர்த்துவிடுங்கள். பாலம் தூக்கினால் எல்லாமே நிற்கட்டும். காபிக்கு ஒரு தடவை ரயில் நின்றால் என்ன குறைந்துவிடும்?

ஏற்காட்டுப் பனி:

என்னுடையது எச்ஓ-வை விடச் சின்னதான 'என்' (N) அளவு, சின்ன லேஅவுட். இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும், தண்டவாளமும் ஈரத்தில் இரவோடு இரவாக மங்கிவிடும். ஆகவே என் எஞ்சின் எல்லாவற்றிலும் கீப்-அலைவ் உண்டு. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நாள் இடி மின்னலில் விளக்கு ஒரு தடவை மங்கி வந்தது. என் பழைய கன்ட்ரோலர் தொங்கிவிட்டது. அலை நின்று, தண்டவாளத்தில் ஒரே திசையில் வெறும் டிசி நின்றிருக்கிறது. சும்மா நின்றுகொண்டிருந்த எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் பறந்து சுரங்கத்துக்குள் போனது. நான் போனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன், யார் கேட்கிறார்கள்? எல்லா கன்ட்ரோலரும் இப்படித் தொங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிகோடரில் அனலாக் ஓட்டம் அனுமதிக்கப்பட்டிருந்தால், டிசி-யைப் பார்த்ததும் அது பழைய காலத்து எஞ்சினாக மாறிவிடும்.

அதை அணைப்பது சுலபம். சிவி 29-ஐப் படியுங்கள். 6 என்று வந்தால் 2 என்று எழுதுங்கள். நாலு இலக்க முகவரி வைத்திருந்தால் 38 வரும், அதை 34 ஆக்குங்கள். அந்த 4-தான் அனலாக். கூடவே சிவி 11-ஐயும் பாருங்கள். பாக்கெட் வராமல் போனால் எவ்வளவு நேரம் பழைய வேகத்திலேயே ஓடலாம் என்பது அதில் இருக்கும். மதிப்பின் கணக்கு டிகோடருக்கு டிகோடர் மாறும், உங்கள் கையேட்டைப் பார்த்து வையுங்கள்.

தறிக்காரன், அம்மாபேட்டை:

மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டேன். நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

டிசிசி-இஎக்ஸின் தானியங்கி மொழியான எக்ஸ்ரெயிலில் தானாகத் தொடங்குகிற ஒரு சின்ன வரிசை எழுதினேன். சங்கிலி அறுந்தால் பின் மேலே ஏறுகிறது, அதனால் பின் எண்ணுக்கு முன்னால் மைனஸ் போட வேண்டியிருந்தது. இது தெரியாமல் முதல் ராத்திரி முழுக்க, பட்டனைத் தொடாமலேயே ரயில் நின்றுகொண்டிருந்தது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "இப்போதுதான் பாதுகாப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது நாள் சும்மாச் சும்மா டிரிப். ஆத்தூர் அண்ணன் சொல்லியும் சோம்பலில் பட்டன் ஒயரைத் தண்டவாள ஒயரோடே சேர்த்துக் கட்டியிருந்தேன். பிரித்து, முறுக்கி, பலகையின் மறுபக்கமாகக் கொண்டுபோனதும் அடங்கிவிட்டது.

மூன்று எஞ்சினில் இரண்டில் சிவி 29 ஆறாகத்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். சிவி 11 ஒரு டிகோடரில் மட்டும் படிக்க வந்தது.

பிறகு சோதனை. அந்தக் கீப்-அலைவ் எஞ்சினைப் பாதி வேகத்தில் விட்டு, தண்டவாளத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, எஞ்சின் கோட்டைத் தொட்டதும் பட்டனை அடித்தேன். முன்பு ஒன்றரை அடி. இப்போது பாவு நூல் ஒன்றை வைத்து அளந்தேன், மூன்று விரற்கடை. மெகாவின் யுஎஸ்பி-யைப் பிடுங்கிவிட்டு அடித்தபோது ரிலே மட்டும் 'டக்' என்றது. அது கீழே தறிச் சத்தத்தையும் தாண்டி மாடியில் கேட்டது, கேட்கப் பிடித்திருந்தது.

பாலத்து மைக்ரோசுவிட்சும் சங்கிலியில் சேர்ந்துவிட்டது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா ஒன்று நுனி உடைந்து பரணில் கிடந்தது. அதைப் பாதியாக அறுத்து, பலகை விளிம்பில் கீல் வைத்து, பாலம் இருக்கும்போது அதன் எடையில் கீழே அமுங்கியிருக்கும்படியும், பாலம் போனதும் ஸ்பிரிங்கில் எழுந்து தண்டவாளத்தை மறிக்கும்படியும் மாட்டியிருக்கிறேன். நேற்று மகள் காபியோடு வந்து பாலத்தைத் தூக்கினாள். ரயில் நின்றது, நாடா எழுந்தது. டபிள்யூடிஎம்-2 இன்னும் மூக்கில்லாமல்தான் ஓடுகிறது.