சயான் வீட்டுப் பரணும் ஒரு மீன் சட்டியும்

குழு: தாமிரபரணிச் சொந்தங்கள் (மும்பை)
ஞாயிறு

வள்ளி அத்தை, காலை 9:05
[படம்]
மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பரணை ஒழித்தபோது அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மீன் சட்டி கிடைத்தது. விளிம்பில் ஒரு கீறல். பானையைத் தொங்கவிடும் பனை நார் உறி ஒன்றும் இருக்கிறது, தொட்டால் உதிர்கிறது. பதினொரு மணிக்கு பங்கார்க்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) வருவார். பித்தளையை எடுத்துக்கொள்வார். இவை குப்பைக்குத்தான் போகும். வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள்.

செல்வி, காலை 9:07
அத்தை, இரண்டும் எனக்கு வேண்டும். சட்டியைக் கழுவிவிடாதீர்கள். கவிழ்த்து வைத்து அடிப்பக்கம் ஒரு படம் எடுங்கள்.

வள்ளி அத்தை, காலை 9:15
[படம்]
அடியெல்லாம் ஒரே கரி. இதில் என்ன பார்க்கப் போகிறாய்?

செல்வி, காலை 9:19
அந்தக் கரியைத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று இடத்தில் மட்டும் கரி குறைவாக, திட்டுத் திட்டாக இருக்கிறதே, அது அடுப்பின் மூன்று குமிழும் சட்டியைத் தாங்கிய இடம். இந்த வாரம் புனேயில் எங்களுக்கு அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைப் பிரிக்கும் வேலை. கை அகல ஓட்டை வைத்துக்கொண்டு இது அடுப்பில் ஏறியதா, தண்ணீர் வைத்ததா, தானியம் கொட்டியதா என்று சொல்ல வேண்டும். கரி எங்கே படிந்திருக்கிறது, உட்புறம் எங்கே தேய்ந்திருக்கிறது, இவைதான் துப்பு. முழுச் சட்டி, அதுவும் அதில் சமைத்தவர் பக்கத்திலேயே இருப்பது, எங்களுக்கு வாய்க்கவே வாய்க்காது. ஆச்சியிடம் கேட்டுச் சொல்லுங்களேன், புதுச் சட்டியை எப்படிப் பழக்குவார்கள்?

வள்ளி அத்தை, காலை 9:31
அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடணும். அப்புறம் கழுநீர் ஊற்றிக் கொதிக்கவைத்து இறக்கணும். வடிகஞ்சி இருந்தால் இன்னும் நல்லது. மூன்று நாள் இப்படிச் செய்தால் கசியாது. மீன் சட்டியில் பால் காய்ச்சக் கூடாது பிள்ளே, எத்தனை தேய்த்தாலும் வாடை போகாது."

செல்வி, காலை 9:36
ஆச்சி கடைசியாகச் சொன்னதை வைத்துத்தான் எங்கள் ஆய்வுக்கூடமே நடக்கிறது! சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சமைக்கும்போது கொழுப்பு அதில் இறங்கிவிடும். மண்ணுக்குள் புதைந்து ஆயிரக்கணக்கான வருடம் கிடந்தாலும் கொஞ்சம் தங்கும். ஓட்டின் உட்புறத்தில் சிறு துண்டைப் பொடியாக்கி, கொழுப்பைக் கரைத்தெடுத்துப் பார்த்தால் பாலா, இறைச்சியா என்று சொல்ல முடிகிறது. குஜராத்தின் கட்ச்சில் கோட்டடா பட்லி என்ற சிந்துவெளிக் காலத்துக் குடியிருப்பின் ஓடுகளில் இப்படித்தான் பால் கொழுப்பு தெரிந்தது. 4000 வருடத்துக்கும் மேல் பழையது.

கல்யாண் மாமா, காலை 9:44
4000 வருடத்துப் பாலா! கேட்கவே சிலிர்க்கிறது. ஆச்சி சொன்ன கஞ்சி எதற்கு?

செல்வி, காலை 9:47
கஞ்சியின் மாவு அந்தத் துளைகளை அடைக்கும் மாமா. மெசபடோமியா, பாரசீக வளைகுடாப் பக்கம் இதே வேலைக்குத் தார் பூசினார்கள். அடி கூம்பிய நீள ஜாடியின் உள்ளே நல்ல கருப்பாக இருக்கும். நமக்குப் பக்கத்தில் எலிஃபண்டா தீவிலும் அந்த ஜாடி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. முன்பு இவற்றை ரோமானிய ஜாடி என்றே எண்ணி ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். மண்ணையும் அந்தத் தாரையும் கவனித்த பிறகுதான் பிரித்தார்கள்.

சுடலை சித்தப்பா, காலை 10:02
ஆதிச்சநல்லூர் நம்ம ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அங்கே கிடைத்த சட்டிகள் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. சின்ன வயதில் இரண்டு சாயம் பூசினார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

செல்வி, காலை 10:06
சாயம் இல்லை சித்தப்பா, நெருப்புதான். சட்டியைக் கவிழ்த்து, வாயை வைக்கோலிலோ உமியிலோ புதைத்துச் சுட்டால் உள்ளே காற்று போகாது, புகையில் கறுத்துவிடும். வெளிப்புறத்துக்குக் காற்று கிடைப்பதால் மண்ணில் இருக்கும் இரும்பு சிவக்கும். பரவலாகச் சொல்லும் விளக்கம் இது. இரண்டு தடவை சுட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. உங்கள் கடைக்குப் பின்னால்தானே குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா? யாரிடமாவது கேட்டுப் பாருங்களேன்.

சுடலை சித்தப்பா, காலை 10:48
கேட்டுவிட்டு வந்தேன். நாம் தினமும் வாங்கும் விளக்குக்கார பெரியவர்தான். அவர் தாத்தா சௌராஷ்டிராவிலிருந்து வந்தவராம். சூளையின் வாயை மூடிப் புகையை உள்ளே நிறுத்தினால் கறுக்கும், திறந்து விட்டால் சிவக்கும், இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்றார். ஒரு சூளையில் ஓரத்துச் சட்டி ஒரு நிறம், நடுச் சட்டி இன்னொரு நிறமாக வருவதையும் காட்டினார். இத்தனை வருடம் அந்தப் புகையைக் குறை சொல்லிக்கொண்டே கடந்து போயிருக்கிறேன், ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. அடுத்த சூளை வைக்கும்போது உன்னைக் கூட்டி வரச் சொன்னார்.

செல்வி, காலை 10:50
கண்டிப்பாக வருகிறேன் சித்தப்பா. எத்தனை மணி நேரம் எரிகிறது, எத்தனை சட்டி உடைகிறது, எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இசக்கி அண்ணன், காலை 11:10
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். செல்வி, எங்கள் நாலாசோபாரா பழைய துறைமுகம் என்கிறார்களே, உண்மையா?

செல்வி, காலை 11:16
உண்மைதான் அண்ணே. கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடற்பயணக் குறிப்பில் சோபாராவும் இருக்கிறது, மாமா குடியிருக்கும் கல்யாணும் இருக்கிறது. கல்யாண் முன்பு முறையான சந்தைத் துறையாம். பிறகு ஆட்சி மாறி, கிரேக்கக் கப்பல் அங்கே வந்துவிட்டால் காவல் போட்டு குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். சோபாராவில் 1882-இல் பகவான்லால் இந்திரஜி தோண்டிய ஸ்தூபம் இப்போதும் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

கல்யாண் மாமா, காலை 11:19
நான் தினமும் லோக்கலுக்கு ஓடும் ஊரிலா கிரேக்கக் கப்பல்! சரி, அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் அங்கே போனார்களா?

செல்வி, காலை 11:27
இதைச் சொல்லத்தான் அத்தை உறியின் படம் போட்டதிலிருந்து காத்திருக்கிறேன். எகிப்தில் செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம். அங்கே பெரிய சேமிப்புப் பானை ஒன்றின் ஓடு கிடைத்தது. சுமார் 2000 வருடப் பழமை. அதில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் இரண்டு இடத்தில் கீறியிருந்ததைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார்: "பானை ஒறி". ஒறி என்றால் உறி. உறியில் தொங்கவிடும் பானை. ராஜா பெயர் இல்லை, கடவுள் பெயர் இல்லை. சமையல்கட்டுச் சொல் ஒன்று செங்கடல் வரை போயிருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வள்ளி அத்தை, காலை 11:34
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டாள். "நாங்களும் ஒறி என்றுதானே சொல்வோம்" என்கிறாள். ஆமாம், அவள் பேச்சில் ஒறிதான். நாங்கள்தான் பள்ளிக்கூடத்தில் உறி என்று மாற்றிக்கொண்டோம்.

செல்வி, காலை 11:35
அத்தை, ஆச்சி அந்தச் சொல்லைச் சொல்வதை ஒரு வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்து அனுப்புங்கள். இப்போதே.

வள்ளி அத்தை, காலை 11:39
[குரல் செய்தி, 0:52]
உறியில் என்ன வைப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். தயிர், வெண்ணெய், மிச்ச மீன் குழம்பு. பூனையும் எறும்பும் எட்டாது.

சுடலை சித்தப்பா, காலை 11:46
அங்கே போய் என்ன விற்றார்கள்?

செல்வி, காலை 11:52
மிளகு முக்கியம் சித்தப்பா. அதே செங்கடல் கரையில் பெரெனிகே என்ற துறைமுகத்தில், கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியப் பானைக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கமிருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஜாடிகளில் வந்தன. ஜாடி எந்த ஊர் என்று மண்ணே சொல்லிவிடும். இத்தாலியில் வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மண் என்றால் கருப்பு மணல் துகள் மின்னும். ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாறவும் கூடும். 1945-இல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது, உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை போட்ட தட்டுகள் கிடைத்தன. அவை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தவை என்றே நினைத்தார். பின்னால் மண்ணைச் சோதித்தபோது அவை இந்திய மண், கங்கைச் சமவெளிப் பக்கம் என்று தெரிந்தது.

வள்ளி அத்தை, நண்பகல் 12:05
அம்மா கேட்கிறாள்: "உடைந்த சட்டியைப் பற்றி ஏன் கேட்கவில்லை? உடைந்ததை நாங்கள் எறிவதே இல்லை. பெரிய ஓட்டில் கடலை வறுப்போம், கோழிக்குத் தண்ணீர் வைப்போம். சின்ன ஓட்டைக் கல்லில் தேய்த்துப் பாண்டி ஆடச் சில்லு செய்வோம்."

செல்வி, நண்பகல் 12:09
ஆச்சி! கீழடியில் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஓட்டில் கடலை வறுத்தால் உடைந்த விளிம்பிலும் கரி ஏறுமே. நாங்கள் அதைப் பார்த்தால் வீடு தீப்பிடித்ததோ என்று எழுதிவிடுவோம். இதை என் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை வந்து இரண்டு நாள் ஆச்சியுடனே இருக்கிறேன். சட்டி எந்தக் குளத்து மண், எந்த ஊர்ச் சந்தையில் என்ன கொடுத்து வாங்கினார்கள், நெல்லா காசா, எல்லாம் கேட்க வேண்டும்.

வள்ளி அத்தை, நண்பகல் 12:14
நெல்தான் என்கிறாள். சட்டி நிறைய நெல் அளந்து கொடுத்தால் சட்டி நமக்காம். மீதியை நீ வந்து கேள்.
பங்கார்க்காரர் வந்துவிட்டுப் போனார். சட்டியைக் கழுவவில்லை, பழைய சேலையில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். உதிர்ந்த நாரையும் ஒரு பையில் அள்ளிப் போட்டிருக்கிறேன்.