புதிய சீசனுக்கு முன் அணியை எடைபோடுதல்: ஃபேண்டஸி பேஸ்பால் ஆடுவோரின் அனுபவங்கள்

நியூ ஜெர்சி உறுப்பினர்

ஃபேண்டஸி பேஸ்பால் என்பது உண்மையான பேஸ்பால் வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் எடுக்கும் எண்களுக்கு ஏற்பப் புள்ளி பெறும் விளையாட்டு. எங்கள் லீக் ஏல முறையில் நடப்பது. 12 அணிகள், அணிக்கு 23 வீரர்கள், ஒவ்வோர் அணிக்கும் 260 டாலர் கணக்குப் பணம். முந்தைய ஆண்டின் அணியிலிருந்து சிலரை, வாங்கிய விலையோடு 5 டாலர் சேர்த்து, அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். இவர்களைக் கீப்பர் என்கிறோம். ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் மேஜர் லீக் (முதல்தரத் தொழில்முறை பேஸ்பால்) அணிகளின் பயிற்சி முகாம்கள் நடந்துகொண்டிருக்கும்போதே யாரை வைப்பது, யாரை விடுவது என்று அறிவித்துவிட வேண்டும். ஏல நாளில் காட்டும் சாமர்த்தியத்தைவிட இந்த முடிவுக்கே அதிக மதிப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2024 சீசனுக்கு முன் என் அணியை எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

அப்போது என்னிடம் 28 டாலருக்கு ஓர் அவுட்ஃபீல்டர் (வெளிக்களத் தடுப்பாளர்) இருந்தார். என் கணிப்பில் அவருடைய மதிப்பு 30 டாலர். இரண்டு டாலர் லாபத்துக்காக ஒரு கீப்பர் இடத்தைச் செலவழிப்பதா என்று எவருக்கும் தோன்றும். ஆனால் ஏலத்தில் விலைகள் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்கிட்ட பிறகே அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். 12 அணிகளின் பணம் மொத்தம் 3,120 டாலர். எல்லாரும் வைத்துக்கொள்ளப்போகும் கீப்பர்களின் விலை 900 டாலர் என்றும், அவர்களின் உண்மையான மதிப்பு 1,420 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். மீதிப் பணம் 2,220 டாலர். சந்தையில் எஞ்சும் வீரர்களின் மதிப்போ 1,700 டாலர்தான். அதாவது ஒவ்வொரு வீரரும் தம் மதிப்பைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக விலைபோவார். அந்த 30 டாலர் அவுட்ஃபீல்டரைக் கைவிட்டு அவருக்கு நிகரான ஒருவரை ஏலத்தில் எடுக்க 39 டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். இப்படிப் பார்த்தால் அவரை வைத்துக்கொள்வதன் லாபம் இரண்டு டாலர் அல்ல, 11 டாலர். அவரை வைத்துக்கொண்டேன். மற்றவர்களின் கீப்பர் பட்டியலை ஊகிக்காமல் தன் அணியை மட்டும் தனியே வைத்து எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதே பட்டியலில் எஸ்டூரி ரூயிஸும் இருந்தார், மிகக் குறைந்த விலைக்கு. 2023-இல் ஓக்லாண்ட் அணிக்காக 67 ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு, அதாவது அடுத்த தளத்துக்கு, ஓடித் திருடுவது) எடுத்து, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தவர். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் விட மனம் வராது. ஆனால் அந்த ஆண்டுதான் விதிகள் மாறின. பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. பிட்சர் (பந்து வீசுபவர்) குறித்த நேரத்துக்குள் வீச வேண்டும் என்ற பிட்ச் கடிகாரம் வந்தது. பேஸில் நிற்பவரைத் தடுக்கப் பிட்சர் மேட்டிலிருந்து விலகுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. 2022-இல் மேஜர் லீக் முழுவதும் 2,486-ஆக இருந்த ஸ்டீல்கள் 2023-இல் 3,503-ஆக உயர்ந்தன. 2022-இல் ஜான் பெர்ட்டி வெறும் 41 ஸ்டீலுடன் முதலிடத்தில் இருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லார் கையிலும் பெருகிவிட்ட பொருளுக்குப் பழைய விலை கிடைக்காது. எங்கள் லீகில் ஸ்டீல் போன்ற ஒவ்வொரு கணக்கும் ஒரு பிரிவு; ஒரு பிரிவில் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி. இரண்டாம் இடத்தைவிட 40 ஸ்டீல் அதிகமாக எடுத்தாலும் அந்த 12 புள்ளிக்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

ரூயிஸைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அவர் அந்த ஆண்டு அடித்த ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) 5, பேட்டிங் சராசரி (அடித்துப் பேஸை எட்டிய விகிதம்) .254. பேஸைத் திருடுவதற்கு முன் பேஸை அடைய வேண்டும், அதற்கும் முன் தினமும் அணியில் இடம் கிடைக்க வேண்டும். மட்டை பலவீனமாக உள்ள வீரரை அவருடைய சொந்த அணி எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்ளும் என்பதை ஸ்டீல் எண்ணிக்கை காட்டாது. அவரை விட்டுவிட்டேன். 2024 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஓக்லாண்ட் அவரைக் கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு முழுவதும் அவர் எடுத்த ஸ்டீல்கள் 5. இவ்வளவு விரைவாக அது நடக்கும் என்று எவராலும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் ஒரே பிரிவை நம்பி நிற்கும் வீரரை மதிப்பிடும்போது, அவருக்கு நாள்தோறும் ஆட இடம் இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் எழுப்ப வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

சிகாகோ உறுப்பினர்

மேலே எழுதிய நண்பர் பேட்டர்களோடு நிறுத்திக்கொண்டார். பிட்சர்களை எடைபோடுவது இன்னும் கடினமான வேலை என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

அதே 2024 சீசனுக்கு முன் என் அணியில் பிளேக் ஸ்னெல், ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் இருவரும் இருந்தனர். ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை. 2023-இல் ஸ்னெல்லின் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் கொடுக்கும் சராசரி ஓட்டங்கள்; குறைந்தால் நல்லது) 2.25, மேஜர் லீகின் மறுபாதியான நேஷனல் லீகில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. ஸ்ட்ரைடருக்கு 20 வெற்றி, 281 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்க விடாமல் வெளியேற்றுவது), ஆனால் இ.ஆர்.ஏ. 3.86. ஃபீல்டர்களின் கைவண்ணத்தையும் பந்து விழும் இடத்தின் அதிர்ஷ்டத்தையும் விலக்கி, ஸ்ட்ரைக் அவுட், வாக் (தவறான பந்துகளால் பேட்டரை அடிக்காமலேயே முதல் பேஸுக்கு விடுவது), ஹோம் ரன் ஆகியவற்றைக் கொண்டே பிட்சரை அளக்கும் எஃப்.ஐ.பி. கணக்கில் இருவர் வரிசையும் தலைகீழாக மாறியது: ஸ்னெல் 3.44, ஸ்ட்ரைடர் 2.85. ஸ்னெல் அந்த ஆண்டு 99 வாக் கொடுத்திருந்தார், மேஜர் லீகிலேயே அதிகம். அத்தனை பேரைப் பேஸில் ஏற்றிவிட்டு ஓட்டம் கொடுக்காமல் தப்பிப்பது ஆண்டுதோறும் நடக்கக்கூடியதல்ல. போதாக்குறைக்கு அவர் மார்ச் நடுப்பகுதி வரை எந்த அணியிலும் ஒப்பந்தமாகவில்லை. முகாமில் பந்து வீசாத பிட்சர் சீசனை எந்த நிலையில் தொடங்குவார் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

எல்லாவற்றையும் சீர்தூக்கி ஸ்ட்ரைடரை வைத்துக்கொண்டேன். இரண்டே ஆட்டங்கள் வீசினார். முழங்கைத் தசைநார் பாதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை, அத்தோடு அவருடைய ஆண்டு முடிந்தது. ஸ்னெல் விஷயத்தில் நான் பயந்தது முதலில் அப்படியே நடந்தது: பிறகு சேர்ந்த சான்ஃப்ரான்சிஸ்கோ அணிக்காக ஆடிய தொடக்க 6 ஆட்டங்களில் அவருடைய இ.ஆர்.ஏ. 9-ஐத் தாண்டியது. பிறகு காயத்திலிருந்து திரும்பி வந்து, ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அந்த இரண்டாம் பாதியில் அவரை வைத்திருந்தவர் எங்கள் லீகில் பல இடங்கள் மேலே ஏறினார்.

இதைப் பார்த்து மதிப்பீடு பயனற்றது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே தரவுகள் கைக்கு வந்தால் இன்றும் ஸ்ட்ரைடரையே வைத்துக்கொள்வேன். ஆனால் 2019-இல், கல்லூரிக் காலத்திலேயே, ஒருமுறை டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிட்சரை முதல் தூணாக நிறுத்தும்போது, அவர் இல்லாமல் போனால் அணி எப்படி நிற்கும் என்பதையும் அந்த மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, முதல் பிட்சரின் பெயரை அடித்துவிட்டு மீதமுள்ளவர்களைக் கொண்டு பிரிவு வாரியாக ஒருமுறை கூட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னொன்று: வெற்றிப் பிரிவை (அணி வெல்லும்போது பிட்சரின் பெயரில் பதிவாகும் வெற்றிகளை) அவருடைய திறமையோடு நேரடியாக முடிச்சுப்போடக் கூடாது. 2025-இல் பால் ஸ்கீன்ஸ் 1.97 இ.ஆர்.ஏ.யுடன் சை யங் விருதை வென்றார். அவருக்குக் கிடைத்த வெற்றிகள் 10, தோல்விகள் 10. பிட்ஸ்பர்க்கின் பேட்டர்கள் அவருக்கு ஓட்டம் எடுத்துக் கொடுக்கவில்லை. ஸ்கீன்ஸை வைத்திருப்பவர் வெற்றிகளைத் தேடி வலுவான பேட்டிங் உள்ள அணிகளின் நடுத்தரப் பிட்சர்களிடம்தான் போக வேண்டும்.

அட்லாண்டா உறுப்பினர்

நான் சொல்ல விரும்புவது பொசிஷன் தகுதியைப் பற்றி, அதாவது ஒரு வீரரை நம் அணியில் எந்தெந்த இடங்களில் நிறுத்தலாம் என்பதைப் பற்றி. 2024-இல் முக்கி பெட்ஸ் என் அணியில் இருந்தார். முந்தைய ஆண்டு அவுட்ஃபீல்டிலும் இரண்டாம் பேஸிலும் போதிய ஆட்டங்கள் ஆடியிருந்ததால் இரு இடங்களிலும் அவரை நிறுத்தலாம். சீசன் தொடங்கியபோது அவருடைய மேஜர் லீக் அணியான டாட்ஜர்ஸ் அவரை ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடைப்பட்ட இடம்) ஆடவைத்ததால் சில வாரங்களில் மூன்றாவது தகுதியும் கிடைத்தது. எனக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. யார் காயப்பட்டாலும் பெட்ஸை அந்த இடத்துக்கு நகர்த்தலாம் என்ற துணிவில், பெஞ்சில் இன்ஃபீல்டர் (உட்களத் தடுப்பாளர்) எவரையும் வைக்காமல் அந்த இடங்களைப் பிட்சர்களுக்குக் கொடுத்திருந்தேன்.

ஜூன் 16 அன்று கான்சாஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் பந்து பட்டு அவருடைய இடது கை முறிந்தது. ஆகஸ்ட் நடுப்பகுதிவரை அவர் இல்லை. ஒரு வீரர் போன இடத்தில் மூன்று பொசிஷனுக்கான மாற்று ஏற்பாடும் சேர்ந்தே போனது. அன்றிரவு எங்கள் லீகில் யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியலைத் திறந்தால், ஷார்ட்ஸ்டாப் என்று போட்டுத் தேடியபோது தினமும் ஆடும் ஒருவர்கூட அதில் மிஞ்சியிருக்கவில்லை.

இப்போது மார்ச் மாதத்தில் அணியைப் பார்க்கும்போது, பல இடங்களில் ஆடக்கூடியவரை ஓர் இடத்துக்கு மட்டுமே உரியவராக எழுதிக்கொண்டு, மற்ற இடங்களுக்குத் தனி ஆள் இருக்கிறாரா என்று சரிபார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில்தான் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) இடத்தின் அருமையும் எனக்குப் புலப்பட்டது. இரண்டு கேட்சர்கள் கட்டாயமான லீகில் 12 அணிகளுக்கு 24 கேட்சர்கள் தேவை. மேஜர் லீகில் இருப்பதோ 30 அணிகள். அவற்றின் முதன்மைக் கேட்சர்கள்கூட ஓய்வுக்காக அடிக்கடி வெளியே உட்காருகிறார்கள். 2025-இல் 60 ஹோம் ரன் அடித்த கேல் ராலேயின் உண்மையான விலையை, இன்னொரு 60 ஹோம் ரன்காரரோடு ஒப்பிட்டு அறிய முடியாது. அதே லீகில் 24-ஆவதாக எடுக்கப்பட்ட கேட்சர் எத்தனை அடித்தார் என்று பார்த்துத்தான் அறிய வேண்டும். அவரைக் கீப்பராக வைக்கும் எண்ணமுள்ளவர்கள், அந்த 24-ஆவது பெயரை முதலில் கண்டுபிடித்துவிட்டு விலையைக் கணக்கிடத் தொடங்கலாம்.