அம்பாசடர் கியர் பாக்ஸ்: லே ஷாஃப்ட்டுக்கான போலித் தண்டை நாமே செய்துகொள்ளலாமா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
வணக்கம். அப்பா ஓட்டிய அம்பாசடரின் கியர் பாக்ஸைப் பிரித்து, தேய்ந்திருந்த சிங்க்ரோ வளையங்களை மாற்றிவிட்டேன். கிளஸ்டர் கியருக்குள் (பல பல்சக்கரங்கள் ஒன்றாய்ச் சேர்ந்த துண்டு) கிரீஸ் தடவி ஒட்டவைக்கும் ஊசி உருளைகள், அதைத் தாங்கும் தண்டான லே ஷாஃப்ட் நுழைவதற்குள் சரிந்து பெட்டியின் அடியில் விழுகின்றன. நேற்று மட்டும் மூன்று முறை பொறுக்கினேன். லே ஷாஃப்ட் நுழையும்வரை அதற்குப் பதிலாக உள்ளே இருந்து அவற்றைத் தாங்கும் போலித் தண்டு கடைகளில் கிடைக்கவில்லை. பண்ருட்டியில் பலா மரத்தில் கடைந்து வாங்கினால் போதுமா, இரும்பேதான் வேண்டுமா?

மறுமொழி (செம்மண்டலம், கடலூர்):
தம்பி, பலா மரம் மிருதங்கத்துக்கு நல்லது, இதற்கு வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தில் மரம் ஊதும், நாரும் பேரிங்கில் சிக்கும். மைல்ட் ஸ்டீல் கம்பியை லேத்தில் கொடுத்து, பழைய லே ஷாஃப்ட்டின் விட்டத்தைவிட ஐந்து தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு), அதாவது ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர் குறைவாகக் கடையச் சொல்லுங்கள். அதைவிட நீளத்தில்தான் கவனம் வேண்டும். கிளஸ்டர் கியரின் நீளத்தோடு அதன் இரு முனைகளிலும் வரும் த்ரஸ்ட் வாஷர்களின் கனத்தையும் கூட்டி, அதற்கு மயிரிழை குறைவாக வெட்டுங்கள்; கூடினால் பெட்டிக்குள் இறங்காது, மிகக் குறைந்தால் வாஷர் நழுவும். உண்மையான தண்டைச் செலுத்திப் போலித் தண்டை வெளியே தள்ளும்போது இரு தண்டுகளின் முகங்களும் ஒட்டியே நகர வேண்டும். நடுவே நெல்மணியளவு இடைவெளி விழுந்தாலும் உருளையின் முனை அதில் சரிந்து வழியை மறிக்கும்.

மறுமொழி (கடலூர் முதுநகர்):
அண்ணன் சொன்ன அளவுகள் சரி. கிளஸ்டர் கியரை அடியில் படுக்கவிட்டு, மெயின் ஷாஃப்ட்டையும் இன்புட் ஷாஃப்ட்டையும் பொருத்திய பிறகே அதைத் தூக்க முடியும். அப்போது விரல் நுழைய இடமிருக்காது. ஆகவே, இறக்கும் முன்பே இரு முனைகளிலும் வலை பின்னும் நைலான் கயிற்றைச் சுற்றி, நுனிகளை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு நுனிகளை இழுத்துக் கியரைத் தூக்கி, துளைகள் நேர்ப்பட்டதும் தண்டைச் செலுத்திக் கயிற்றை உருவிவிடலாம். பலா மரத்தின் மீது ஆசை இருந்தால், கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் குச்சியை அதில் கடையுங்கள்: நுனி கிராங்க் ஷாஃப்ட்டின் புஷ்ஷுக்குள்ளும், அடுத்த படி பிளேட்டின் பல் துளைக்குள்ளும் ஆடாமல் பொருந்தினால் போதும். பிரஷர் பிளேட்டை முடுக்கியதும் அதன் வேலை முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
தட்டாஞ்சாவடியில் கடைந்து வாங்கினேன். இரண்டாம் முயற்சியில் தண்டு ஏறிவிட்டது. வெயிலில் கிரீஸ் இளகியதால், உருளைகளை அடுக்கிய கியரை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் தயிருக்கு அருகே வைத்தேன். அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. ஒரு சந்தேகம்: கடைசி உருளையை வைத்த பின்பும் வரிசையில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. அது சரிதானா?

மறுமொழி (செம்மண்டலம், கடலூர்):
அந்த இடைவெளி இருந்தால்தான் உருளைகள் சுழலும். இன்னொன்று முழுதாக நுழையுமளவு இடம் இருந்திருந்தால் மட்டும், மூடியை மாட்டும் முன் பெட்டியின் அடியில் காந்தத்தை விட்டுத் தேடிப் பாருங்கள்.