டீஃபால்ட் ஃபார்முலாவை மாற்றினால் பழைய பயனர்களின் எண்கள் மாறிவிடுமே, என்ன செய்யலாம்?

சிறுமாதிரி கேட்டது:

வணக்கம். ஆர் மொழியில் ஒரு சின்ன பேக்கேஜைப் பராமரித்து வருகிறேன். எழுதியவர் நான் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போனபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆம்/இல்லை வகைத் தரவைக் கொடுத்தால் குழுவாரியாக விகிதத்தையும் 95% நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான விகிதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) அட்டவணையாகப் போட்டுத் தரும், அவ்வளவுதான். ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானில் இருக்கிறது. வேறு சில பேக்கேஜ்களும் இதை உள்ளுக்குள் அழைக்கின்றன.

இடைவெளிக்கு டீஃபால்ட் வால்ட் ஃபார்முலா, பாடப்புத்தகத்தில் முதலில் வருமே அதுதான். வில்சன் என்ற இன்னொரு ஃபார்முலா வேண்டுமென்றால் மெத்தட் ஆர்க்யுமென்டில் கேட்டு வாங்கலாம். பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போவதில்லை என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஒருவர் இஷ்யூ (குறை அறிவிப்பு) திறந்தார். 20 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை. பேக்கேஜ் கொடுத்த இடைவெளி 0 முதல் 0 வரை. "அப்படியென்றால் இனி யாருக்குமே வராது என்று அடித்துச் சொல்கிறதா உங்கள் பேக்கேஜ்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 20-இல் 1 என்றால் கூத்து இன்னும் அதிகம், கீழ் எல்லை −0.046 என்று மைனஸுக்குப் போய்விடுகிறது. மறுநாளே இன்னொருவர் புல் ரிக்வெஸ்ட் (நிரலை மாற்றும் கோரிக்கை) அனுப்பிவிட்டார். ஒரே வரி மாற்றம்: டீஃபால்ட் இனி வில்சன். டெஸ்ட் எல்லாம் பச்சை, ஒன்றும் தோற்கவில்லை.

ஆனால் அதைச் சேர்த்துக்கொள்ளும் மெர்ஜ் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. வில்சன்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏற்கெனவே இதை வைத்து அறிக்கை எழுதியவர்கள் நாளை மறுபடி ஓட்டினால் வேறு எண் வருமே, அதுதான் உறுத்துகிறது. இப்படிப்பட்ட மாற்றத்தை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள்?

---

நேர்கோடு:

தப்பான விடை தருவதை மாற்றாமல் வைத்திருப்பதுதான் தப்பு. மெர்ஜ் செய்து, வெர்ஷன் எண்ணை ஏற்றி, மாற்றங்களைப் பட்டியலிடும் நியூஸ் ஃபைலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அவ்வளவு தயக்கம் இருந்தால் ஒரு நடுவழி: விடை 0 அல்லது 100% ஆகும்போது மட்டும் வில்சனுக்குத் தாவட்டும், மற்றபடி வால்ட் இருக்கட்டும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

---

பழையகோடு:

அந்த நடுவழி மட்டும் வேண்டாம். முதல் வரிசையில் ஒரு ஃபார்முலா, அடுத்த வரிசையில் வேறொன்று என்று அட்டவணை வந்தால், மெத்தட்ஸ் பகுதியில் பயனர் என்னவென்று எழுதுவார்? யாருக்கும் தெரியாமல் நடப்பதுதான் இங்கே பிரச்சினையே.

ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் பயனரின் ஸ்கிரிப்ட் உடைந்து நிற்கும். திட்டிக்கொண்டே வந்து நியூஸைப் படிப்பார், சரிசெய்வார். எண்ணை மாற்றினால் எதுவும் உடையாது. புள்ளியியல் பேக்கேஜில் நான் அஞ்சுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான். உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 20-இல் 0 வந்தவருக்கு வால்ட் 0 முதல் 0, வில்சன் 0 முதல் 0.161. எவருக்கும் கண்ணில் படும். ஆனால் 20-இல் 10 வந்தவருக்கு? வால்ட் 0.281 முதல் 0.719. வில்சன் 0.299 முதல் 0.701. இரண்டும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஆய்வுக்கட்டுரையின் மதிப்பீட்டாளர் "மறுபடி ஓட்டுங்கள்" என்று சொல்லும்போது இவர் பேக்கேஜைப் புதுப்பித்திருப்பார், மூன்றாம் தசமத்தை விடுங்கள், இரண்டாவதே ஒத்துப்போகாது. முதலில் தன் தரவில்தான் கோளாறு தேடுவார், பாவம்.

அடுத்து, இது பக் (நிரல் பிழை) இல்லை. ஆவணத்தில் வால்ட் என்று எழுதி, கோடு (நிரல்) வால்டைச் சரியாகவே கணக்கிடுகிறது. ஆவணம் ஒன்று சொல்லிக் கோடு வேறொன்று செய்தால் அது பக். அதை அன்றைக்கே திருத்தி நியூஸின் உச்சியில் போட வேண்டும், அங்கே அவகாசம் கொடுப்பது பாவம். இதுவோ பலவீனமான ஒரு தேர்வு. பலவீனம் என்பதில் தகராறு இல்லை, புள்ளியியலாளர்கள் பிரவுன், காய், தாஸ்குப்தா மூவரும் 2001-இலேயே வால்டைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வில்சன் முறையோ 1927-இலிருந்து இருக்கிறது. இத்தனை காலம் பொறுத்தது இன்னும் இரண்டு வெளியீடு பொறுக்கும்.

பெரியவர்கள் செய்ததைப் பாருங்கள். 2019-இல் ஆர் 3.6.0 வந்தபோது குலுக்கல் முறையில் எடுத்துத் தரும் சாம்பிள் ஃபங்ஷனின் உள்முறையை மாற்றினார்கள். பழைய முறையில் மிகப் பெரிய தொகுதியிலிருந்து எடுக்கும்போது எல்லா எண்ணுக்கும் சமவாய்ப்பு கிடைக்கவில்லை. அது உண்மையான குறை. அப்படியும் பழைய எண்களைத் திரும்பப் பெற ஒரு வழி வைத்தார்கள்: 3.5.0 வெர்ஷனின் முறை வேண்டும் என்று ஒரு வரியில் கேட்கலாம், ஒரு எச்சரிக்கையோடு கிடைக்கும். பைதானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில், பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்டின் டீஃபால்ட் மர எண்ணிக்கையை 10-இலிருந்து 100 ஆக்க நினைத்தபோது 0.20-இல் எச்சரித்தார்கள், 0.22-இல்தான் மாற்றினார்கள். இன்னொரு பக்கம், கால்மானம் போன்றவற்றைக் கணக்கிடும் ஆரின் குவான்டைல் ஃபங்ஷன். ஹைண்ட்மனும் ஃபேனும் 1996-இல் தொகுத்த 9 வகைக் கணக்கீடுகளில் அவர்கள் பரிந்துரைத்தது 8-ஆம் வகை. டீஃபால்ட் இன்றும் 7-தான். கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் யோசனை: அடுத்த வெளியீட்டில் டீஃபால்ட் அப்படியே இருக்கட்டும். மெத்தட் சொல்லாமல் அழைத்தால் செஷனுக்கு ஒருமுறை ஒரு செய்தி: "இப்போது வால்ட், இன்ன வெர்ஷனிலிருந்து வில்சன். பழையதே வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள்." அதற்கடுத்த பெரிய வெளியீட்டில் மாற்றுங்கள். வால்டைத் தூக்காதீர்கள், எப்போதும் கேட்டால் கிடைக்கட்டும்.

கடைசியாக, "டெஸ்ட் எல்லாம் பச்சை" என்றீர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். டீஃபால்ட் மாறியும் ஒரு டெஸ்ட்கூட விழவில்லை என்றால், டீஃபால்டாக வரும் எண்ணை எந்த டெஸ்டும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மெர்ஜுக்கு முன்னால் அதைக் கவனியுங்கள்.

---

அட்டவணைக்காரி:

நான் பேக்கேஜ் எழுதுபவள் இல்லை, பயன்படுத்துபவள். ஒரே தரவுக்கு ஆரின் பிராப் டெஸ்ட் ஒரு எண் தரும், ஏனென்றால் அது வில்சன், அதுவும் தொடர்ச்சித் திருத்தம் என்ற சிறு சரிக்கட்டலோடு. பைதானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் டீஃபால்டாக வால்ட் தரும். இவை ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடி ஒரு மாலை முழுக்க வீணாகும். எந்த டீஃபால்ட் என்பதைவிட, அட்டவணையின் அடியிலேயே "95% இடைவெளி, வால்ட் முறை" என்று அச்சிட்டுவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் போதும். ஹெல்ப் பக்கத்தின் கோடியில் இருப்பதை நாங்கள் படிப்பதில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

---

சிறுமாதிரி:

எல்லோருக்கும் நன்றி. டெஸ்டுகளைத் திறந்து பார்த்தேன். நெடுவரிசைப் பெயர்கள் சரியா, வரிசை எண்ணிக்கை சரியா, இவ்வளவுதான் பார்க்கின்றன. எண் ஒன்றுகூட இல்லை. முறையின் பெயரை அச்சிடும் யோசனை அருமை, அடுத்த வெளியீட்டிலேயே சேர்க்கிறேன்.

இரண்டு சந்தேகம். என்னை உள்ளே அழைக்கும் பேக்கேஜ்களின் பயனர்களுக்கும் அந்தச் செய்தி வந்து தொலைக்குமே? அப்புறம், எண் டெஸ்டுக்குச் சரியான விடையை எங்கிருந்து எடுப்பது? இப்போது வருவதையே சேமித்து வைத்தால் போதுமா?

---

பழையகோடு:

முதலாவது நல்ல கேள்வி. நடுவில் ஒரு பேக்கேஜ் இருந்தால், கடைசிப் பயனருக்கு உங்கள் செய்தி புரியாது, புரிந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. லைஃப்சைக்கிள் பேக்கேஜில் மென்மையான எச்சரிக்கை என்று ஒரு வகை உண்டு. நேரடியாக அழைத்தவருக்கு மட்டும் சொல்லும். அதைப் பயன்படுத்துங்கள். நடுவில் இருக்கும் பராமரிப்பாளர்களுக்குத் தனியாக மெயில் போடுங்கள். உங்கள் மாற்றம் மற்றவர்களின் பேக்கேஜை உடைக்குமென்றால் குறைந்தது 2 வாரம் முன்பே சொல்ல வேண்டும் என்பது கிரானின் விதி. இது உடைக்காது, அதனால் விதி கட்டாயப்படுத்தாது, இருந்தாலும் சொல்லுங்கள். அந்த பேக்கேஜ்களை உங்கள் புதிய கோடோடு ஒருமுறை ஓட்டியும் பாருங்கள்.

இரண்டாவதற்கு: இப்போது வருவதையே சேமித்தால், கோடு நேற்றுப் போலவே இன்றும் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், சரியா என்று தெரியாது. கையால் கணக்குப் போடக்கூடியதை எடுங்கள். பூஜ்யம் வந்தால் வில்சனின் மேல் எல்லை இசட் (95%-க்குச் சுமார் 1.96) வர்க்கத்தை, ஆட்களின் எண்ணிக்கையோடு இசட் வர்க்கம் கூட்டியதால் வகுத்ததுதான். 20 பேருக்கு 3.8415-ஐ 23.8415-ஆல் வகுங்கள், 0.1611. கால்குலேட்டர் போதும். ஒப்பிடும்போது கடைசி இலக்கம் வரை சமமா என்று பார்க்காதீர்கள். ஆப்பிளின் எம்1 வகை மேக்குகளில் லாங் டபுள் என்ற கூடுதல் துல்லிய எண்வகை வெறும் டபுள்தான், அங்கே கடைசி இலக்கங்கள் ஆடலாம். ஆரின் ஒப்பீட்டு ஃபங்ஷனான ஆல் ஈக்வலின் வழக்கமான தாங்கெல்லை (பொறுத்துக்கொள்ளும் வித்தியாசம்) ஏறக்குறைய 1.5-ஐப் பத்துக் கோடியால் வகுத்தது, அது உங்களுக்குத் தாராளம். ஆனால் எதிர்பார்க்கும் விடையை நாலு இலக்கத்தோடு நிறுத்திவிடாமல், வகுத்தலையே டெஸ்டுக்குள் எழுதிவிடுங்கள்.

---

சிறுமாதிரி:

புரிந்தது. புல் ரிக்வெஸ்டை மூடவில்லை, அடுத்த பெரிய வெளியீடு என்று லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். அனுப்பியவரிடமே எண் டெஸ்டுகளை முதலில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன், சம்மதித்துவிட்டார். பூஜ்யம், ஒன்று, பாதி, முழுசு என்று நாலு நிலைக்கும், இரண்டு முறைக்கும் எழுதுகிறார்.