காலையில் மட்டும் ஆன் ஆகாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் இருப்பது 2017-ல் நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. ரைசன் 5 1600 புராசசர், 8 ஜிபி ராம் இரண்டு, கரண்ட் கொடுக்கும் பெட்டியான 500 வாட் எஸ்எம்பிஎஸ். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து சேர்த்த பொருட்கள். ஆறு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2023 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினேன், ஆன் ஆகிவிட்டது. அன்று இரவு வரை நன்றாகவே ஓடியது. ரீஸ்டார்ட் செய்தாலும் சிக்கல் இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. அப்புறம் நான்கு நாள் ஒன்றுமில்லை. அப்புறம் தொடர்ந்து மூன்று நாள். இப்படி வந்து வந்து போகும் கோளாறு போலப் பொல்லாதது வேறு இல்லை. முழுதாகக் கெட்டுப்போன பொருளை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். இதில் நாம் எதைத் தொட்டாலும், தொட்ட பிறகு ஆன் ஆகிவிடும். சரிசெய்துவிட்டோம் என்று நம்பிவிடுவோம்.

எனக்கு அதுதான் நடந்தது. ராமைக் கழற்றி மாட்டினேன், ஆன் ஆனது, இரண்டு நாள் சந்தோஷம். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை மாற்றினேன், மூன்று நாள் சந்தோஷம். எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து மதர்போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரை அழுத்திவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு கழன்று மறுபடி ஏறியது. ஊரில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே மேசையில் வைத்த உடனே முதல் அழுத்தத்தில் ஆன் ஆனது. மதர்போர்டு வீக்காகிவிட்டது, அது போனால் புராசசரும் ராமும் சேர்த்து மாற்றவேண்டி வரும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அன்று இரவு ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, முந்தைய இரவு எத்தனை மணிக்கு அணைத்தேன், காலையில் எத்தனை மணிக்கு அழுத்தினேன், எத்தனையாவது அழுத்தத்தில் ஆன் ஆனது. இவ்வளவுதான். எதையும் கழற்றுவதில்லை, எதையும் மாற்றுவதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்து நாளில் ஒன்று தெரிந்தது. இரவு 11 மணிக்கு மேல் வேலை பார்த்த நாட்களுக்கு மறுநாள் காலையில் கோளாறு இல்லை. சீக்கிரம் அணைத்தால் ஆன் ஆவதில்லை. அதிக நேரம் ஓடினால் சூடு தங்குகிறதோ, இடைவெளி குறைவதால்தானோ என்றெல்லாம் யோசித்தேன். சோதிப்பதற்காக ஒரு நாள் மாலை 6 மணிக்கே அணைத்துவிட்டு ஊருக்குப் போய் மறுநாள் காலை 9 மணிக்கு வந்தேன். 15 மணி நேர இடைவெளி. முதல் அழுத்தத்தில் ஆன் ஆனது! கணக்கு உதைத்தது.

காரணம் என் அம்மா. படுக்கப் போகும் முன் வீட்டில் ஓடாத சாமான்களின் பிளக் சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டுப் போவது அவருடைய பழக்கம். காலையில் நான் அதைப் போட்டுவிட்டு உடனே பட்டனை அழுத்துவேன். நான் 11 மணி தாண்டி உட்கார்ந்தால் அவர் முன்பே தூங்கியிருப்பார், அன்று அந்த சுவிட்ச் அப்படியே இருக்கும். ஊருக்குப் போன அன்று அம்மாவும் என்னோடு வந்திருந்தார்.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: பிளக் சுவிட்ச். அடுத்த இரண்டு வாரமும் பிசகாமல் பொருந்தியது, ஒரு நாளைத் தவிர. அன்று சுவிட்ச் ஆனில்தான் இருந்தது, ஆனாலும் கம்ப்யூட்டர் அசையவில்லை. மனம் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, “ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து விடியற வரைக்கும் கரண்ட் இல்ல, கொசுக்கடில தூங்கவே இல்ல” என்று சொல்லிக்கொண்டு போனார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியாது.

இதன் பின்னால் இருப்பது இதுதான். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் மட்டும் விழித்திருக்கும். அது மதர்போர்டுக்கு எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊதா நிற வயரில் வருவது அதுதான். நாம் பட்டனை அழுத்தும்போது அதைக் கவனிப்பதற்கு மதர்போர்டுக்கு இந்த 5 வோல்ட் வேண்டும். கவனித்த பிறகு அது பச்சை வயரை கிரவுண்டோடு, அதாவது கருப்பு வயரோடு சேர்க்கும், அப்போதுதான் பெரிய சப்ளை முழுதாக எழும். அந்தச் சின்ன சர்க்யூட்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து உள்ளுக்குள் காய்ந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் வரை சமாளிக்கும். ஒருமுறை முழுதாக அணைந்து குளிர்ந்துவிட்டால் மறுபடி கிளம்பத் திணறும். சர்வீஸ் கடையில் ஆன் ஆனதற்கும் இதுதான் காரணம். அரை மணி நேரத்துக்கு முன்புவரை வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் கழற்றித் தூக்கிப்போனேன், சூடு ஆறியிருக்கவில்லை.

உறுதிசெய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். அம்மாவிடம் சொல்லி இரவு சுவிட்சை அணைக்க வைத்தேன். காலையில் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக ஊதா வயரில் சிவப்பு முனையும் கருப்பு வயரில் கருப்பு முனையும் வைத்துப் பார்த்தேன். 4.75-லிருந்து 5.25 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். எனக்கு 3.6 காட்டியது, அதுவும் நிலையாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 18 நிமிடத்தில் 5.02-க்கு வந்து நின்றது. அழுத்தினேன், ஆன் ஆனது. (எல்லா வயரும் கருப்பாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு. அதில் 9-வது பின்னைப் பார்க்கவேண்டும்.)

புது எஸ்எம்பிஎஸ் மாட்டினேன். மதர்போர்டு, புராசசர், ராம் எல்லாம் பழையதேதான், இன்றுவரை ஓடுகின்றன. உங்களுக்கும் இப்படி வந்து போகும் கோளாறு இருந்து கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள். எந்தப் பாகம் என்பதைவிட எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

* * *

அண்ணா, கோவையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கதையைப் போன்ற ஒன்றை எங்கோ படித்துவிட்டு நேராகப் போய் எஸ்எம்பிஎஸ் வாங்கியவன் நான். எனக்கு அது பயன்படவில்லை.

என்னுடையதில் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், உடனே அணைந்துவிடும். பத்து முறையில் இரண்டு மூன்று முறை இப்படி. புது எஸ்எம்பிஎஸ் போட்டும் அதேதான். ஒரு நாள் பொறுமையிழந்து மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக 4 நொடியில் அணைகிறது. 3 இல்லை, 5 இல்லை. கோளாறு எதற்கு இவ்வளவு துல்லியமாக மணி பார்க்கவேண்டும் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் பவர் பட்டனை 4 நொடி அழுத்திப் பிடித்து அணைப்போம் இல்லையா? அதுவேதான். கேபினெட்டின் பட்டன் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு திரும்பி வராமல் இருந்திருக்கிறது. யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று மதர்போர்டு நினைத்துக்கொண்டது.

மதர்போர்டில் பவர் சுவிட்ச் வயர் சொருகும் இரண்டு பின்கள் இருக்கும். வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பின்னையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். இருபது முறை செய்தேன், இருபது முறையும் நின்று ஓடியது. பட்டனைச் சரிசெய்யவில்லை. ரீசெட் பட்டனின் வயரை எடுத்து பவர் பின்னில் சொருகிவிட்டேன். இப்போது ரீசெட் பட்டன்தான் எங்கள் வீட்டு பவர் பட்டன்.

* * *

நாகப்பட்டினத்தில் இருந்து. எனக்கு ஆன் ஆகும், டிஸ்ப்ளே வராது. மதர்போர்டு ஓரத்தில் இருக்கும் நான்கு சிறு விளக்குகளில் ராமுக்கானது மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். ஐந்து முறைக்கு ஒருமுறை இப்படி.

கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றில் ராமின் தங்க நிறப் பற்கள் மங்கிப்போவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினால் சரியாகும். எனக்கும் ஆனது, இரண்டு வாரத்துக்கு. பிறகு மறுபடியும். இப்படி நான்கு முறை தேய்த்தேன். ராம்தான் கெட்டது என்று முடிவுகட்டி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. பயாஸில், ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்தும் பார்த்தாயிற்று. தங்கையின் கம்ப்யூட்டரில் அதே ராமை மாட்டினால் ஒரு மாதம் பிசகாமல் ஓடியது. அவளுடைய ராம் என்னுடையதில் தகராறு செய்தது. அப்படியானால் குற்றம் ராமில் இல்லை என்பது மட்டும் உறுதி.

கடைசியில் தற்செயலாகத்தான் தெரிந்தது, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். புராசசர் சூடாகிறது என்று தெர்மல் பேஸ்ட் மாற்ற கூலரைக் கழற்றினேன். நான்கு ஸ்க்ரூவில் ஒரு பக்கத்து இரண்டும் கையால் திருகினாலே வந்துவிட்டன, மறுபக்கத்து இரண்டும் அவ்வளவு இறுக்கம். இன்டெல் புராசசரில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கும், புராசசர் அவற்றின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியும் புராசசருக்குள்ளேயே இருக்கிறது. கூலர் ஒருபக்கமாக அழுத்தினால் மறுபக்கத்தில் சில பின்கள் சரியாகத் தொடாது, ராம் இல்லை என்று மதர்போர்டு நினைக்கும். ராமைக் கழற்றி மாட்டும்போது போர்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, தற்காலிகமாகச் சரியாகிறது. நான் ரப்பரைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை மூலைவிட்டமாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று, இரண்டு சுற்றாக மாறி மாறி இறுக்கினேன். கார் டயருக்கு நட்டு முடுக்குவது போல. ஒன்றரை வருடம் ஆகிறது, அந்த விளக்கு நின்று எரியவில்லை.

* * *

சிங்கப்பூர். என்னுடையது கோளாறே இல்லை, ஆனாலும் மூன்று நாள் தூக்கம் போனது. டிடிஆர்5 ராம், 64 ஜிபி, புதிதாகப் பூட்டிய, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் கொண்ட கம்ப்யூட்டர். ஆன் செய்தால் கருப்புத் திரை. இரண்டு நிமிடம் பார்ப்பேன், அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். டிடிஆர்5 ராமை முதல்முறை மாட்டும்போது மதர்போர்டு அதற்கு ஏற்ற அளவுகளைத் தானே சோதித்துப் பழகிக்கொள்ளும், அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். நான் பாதியில் பாதியில் அணைத்ததால் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து ஆரம்பித்திருக்கிறது. புதிதாகப் பூட்டுபவர்கள் முதல் முறை ஆன் செய்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். நாகப்பட்டினம் சகோதரி சொன்னதைப் படித்ததும் என் கூலரின் ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கோவைத் தம்பியின் 4 நொடிக் கணக்கு அருமை. நேரத்தை அளந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் தெருமுனையில் டிவி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து, பெரிய கெபாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரத்தை முதலில் இறக்கிவிட்டு, பிறகுதான் கை வைத்தார். தயவுசெய்து இதை வீட்டில் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கெபாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்துக் காட்டினார். மேலே கொள்ளளவு 47 மைக்ரோஃபேரட் என்று அச்சடித்திருந்தது, மீட்டரில் 6. பார்ப்பதற்கு உப்பவும் இல்லை, கசியவும் இல்லை. தலை உப்பினால்தான் கெபாசிட்டர் கெட்டது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் அதை மாற்றிக் கொடுத்து வாங்கியது 60 ரூபாய்.

அதை மெயின் கம்ப்யூட்டரில் போடவில்லை. ஒன்று காய்ந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். இன்னொரு கம்ப்யூட்டரில் இப்படிச் சந்தேகம் வந்தால் மாட்டிச் சோதிக்க வைத்திருக்கிறேன்.

கோளாறு இருந்த நாட்களில் அம்மாவிடம் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, இரண்டு முறை எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போவார். புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய அன்று இரவு, இனிமேல் அணைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன் சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது.