பேச முடியாத பிள்ளையின் படம்: பொதுவில் போடலாமா, கூடாதா?

கருவேலம்:
உட்காரவோ பேசவோ விழுங்கவோ முடியாத பிள்ளை. பிறந்தநாள் படத்தை வீட்டார் ஆசையாகப் போடுகிறார்கள். யாரோ அதை எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, மீம் ஆக்கிவிடுகிறார்கள். "இதையெல்லாம் எதற்கு உயிரோடு வைத்திருக்கிறீர்கள்" என்று கீழே நாலு பேர் எழுதுகிறார்கள். என் நிலைப்பாடு: அந்த முகம் பொதுவில் வரவே கூடாது. "வேண்டாம்" என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழியில்லை. 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-வது பிரிவு அந்தரங்க உரிமையைக் குழந்தைக்குத்தான் கொடுத்திருக்கிறது, பெற்றோருக்கு அல்ல.

மருதாணி:
ஏற்க மாட்டேன். இந்தப் பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைத்த காலம் போதும். 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8-வது பிரிவு, இவர்களைப் பற்றிய தவறான எண்ணங்களை மாற்றச் சொல்கிறது. பார்க்காமல் எப்படி மாறும்? கல்லெறிகிறவன் இருக்கிறான் என்பதற்காகப் பிள்ளை வாசலுக்கு வரக்கூடாதா?

கருவேலம்:
அதே உடன்படிக்கையில் 22-வது பிரிவும் இருக்கிறது. அது அந்தரங்கம் பற்றியது. வலிப்பு வரும் வீடியோ, டயப்பர் மாற்றும் படம், உணவூட்ட வயிற்றில் பொருத்திய குழாயை மாற்றும்போது அழுகிற முகம் எல்லாம் "விழிப்புணர்வு" என்ற பெயரில் வருகின்றன. பெரியவர் ஒருவரை இப்படிப் படம்பிடித்துப் போடுவோமா?

மருதாணி:
அவை கூடாது, அதில் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் சிரிக்கிற முகத்தைப் போடலாம், பார்த்துப் போட வேண்டும். பள்ளிச் சின்னம், மருந்துச் சீட்டு, மருத்துவமனைக் கைப்பட்டை படத்தில் தெரியக்கூடாது. படக்கோப்பில் இடத் தகவல் இருந்தால் நீக்கிவிட வேண்டும். சில தளங்கள் தாமாக நீக்கும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போய்விடும். பின்னூட்டத்தில் வசைச்சொல் வடிகட்டி போடும்போது சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் சேர்த்தால் பயனில்லை. எழுத்துக்கு நடுவே புள்ளி, எண், இடைவெளி வைத்துத் தாண்டிவிடுவார்கள். அந்த வடிவங்களையும் சேர்க்க வேண்டும்.

ஒற்றைத்துடுப்பு:
கேலி செய்பவர்களுக்காக நான் பேசவில்லை, அது ஈனத்தனம். ஆனால் "எதற்கு உயிரோடு" என்ற அந்தக் கேள்வியை நல்ல மனதோடு கேட்பவர்களும் உண்டு. முகம் கோணி, கை முறுக்கிக் கிடக்கும் பிள்ளையின் துன்பத்தைப் பாசம் நீட்டிக்கொண்டே போகிறதோ?

மருதாணி:
ஒரு படத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. முகம் கோணுவது தசை முறுக்கமாக இருக்கலாம், சில பிள்ளைகளுக்குச் சிரிப்பே அப்படித்தான். மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு இருந்தால், பொம்மைக்குக் கை நீட்டும்போதே தலையை வேறு பக்கம் திருப்பும்; பார்ப்பவருக்குக் கவனமில்லாதது போலத் தோன்றும். கூப்பிட்டால் பதில் வரப் பத்து விநாடிக்கு மேலும் ஆகலாம். அதுவரை யார் காத்திருக்கிறார்கள்?

வலியை அளக்கவும் முறை இருக்கிறது. திருத்திய 'ஃபிளாக்' அளவுகோலில் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. அந்தப் பிள்ளைக்கே உரிய அறிகுறிகளைப் பெற்றோர் அதில் எழுதிச் சேர்க்கலாம். வலித்தால் சிரிக்கிற பிள்ளைகூட உண்டு. இடுப்பு மூட்டு விலகல், உணவு எதுக்களிப்பு, மலச்சிக்கல், பல்வலி, குழாய்ப் புண் ஆகியவைதான் அடிக்கடி காரணம். பெரும்பாலும் மருத்துவம் உண்டு. தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் "துன்பம்" என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

வீட்டார் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்திக் குழாயில் பால் விட்டு, முடிந்ததும் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்கிறார்கள். சட்டென்று படுக்க வைத்தால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். எந்த இருமல் சளி, எந்த இருமல் புரையேறல் என்று பக்கத்து அறையிலிருந்தே தெரிந்துகொள்கிறார்கள். இந்தக் கைகளைப் பார்த்தா "எதற்கு" என்று கேட்பது?

ஒற்றைத்துடுப்பு:
இடுப்பு மூட்டையும் எதுக்களிப்பையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. படத்தை வைத்துக் கேட்டது தவறு. ஆனால் எல்லா மருத்துவமும் செய்த பிறகும் அடங்காத வலி இருந்தால், அந்தக் கேள்வி செல்லும்.

மருதாணி:
செல்லும். அதை வலித் தணிப்பு மருத்துவரோடு வீட்டார் உட்கார்ந்து பேச வேண்டும், முன்பின் தெரியாதவர் பின்னூட்டத்தில் அல்ல.

கருவேலம்:
மீம் பரவிவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட்: கணக்குப் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். பதிவின் இணைப்பைத் தனியாக நகலெடுங்கள். கணக்கின் பெயரை நாளை மாற்றிவிடலாம். அடுத்து புகார். பிளாக் கடைசியில்தான். முதலிலேயே பிளாக் செய்தால் பதிவு உங்கள் கண்ணுக்கு மறைந்துபோகலாம், ஆதாரமும் போகும். பதில் எழுதாதீர்கள், ஒவ்வொரு பதிலும் அந்தப் பதிவை மேலே தூக்கிவிடும்.

பொதுவாகப் படம் எடுத்தவருக்கே காப்புரிமை. அந்த வழியிலும் நீக்கக் கோரலாம். ஆனால் கோருபவரின் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகக்கூடும். வீட்டு மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். படம் வேறெங்கே பரவியிருக்கிறது என்று படத்தை வைத்தே இணையத்தில் தேடும்போது மூலப்படம், வெட்டியது, இடவலம் திருப்பியது என மூன்றையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் தப்பிவிடும்.

இத்தனையும் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் அதே ஆட்கள் தூக்கத்தை விட்டுச் செய்ய வேண்டும். அதனால்தான் தெரிந்த முப்பது பேருக்கு மட்டும் காட்டுங்கள் என்கிறேன்.

மருதாணி:
பின்னூட்டம் படிக்கும் வேலையை அம்மாவுக்குக் கொடுக்காமல் சித்தியோ மாமாவோ ஏற்கலாம். முப்பது பேர் என்பதில் உடன்பாடில்லை. ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று: அக்கா, தம்பியிடம் கேட்காமல் படம் போடக்கூடாது. அந்த மீம் முதலில் வந்து சேர்வது அவர்கள் வகுப்புக் குழுவுக்குத்தான்.

கருவேலம்:
அதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் போடாதீர்கள்.